அவன் குதித்ததைப் பார்த்தவள்

அந்தத் தையல் ஆலையில் அவளை எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பார்த்துக்கொண்ட சின்னஞ்சிறுசுகள் அப்படிக் கூப்பிட்டால் சரி. மீசை நரைத்த வாட்ச்மேனும் கூச்சமில்லாமல் அப்படியேதான் கூப்பிட்டான். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது: கமுக்கம். வைத்த புண்ணியவான் லைன் சூப்பர்வைசர். பால் கொடுக்கிறேன் என்று இறங்கிப் போகிற பெண்களில் எவள் சுவரோரம் சாய்ந்து கண்ணயர்கிறாள் என்று அவர் எத்தனையோ தரம் அவளிடம் நோண்டிப் பார்த்தார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவளிடமிருந்து ஒரு சொல்லை உரிக்க முடியவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டே கெட்டவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அதனால் இதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆலையில் அவள் இருந்த இடத்துக்குப் பிள்ளைங்க ரூம் என்று பெயர். முன்பு பொத்தானும் நூல்கண்டும் அடுக்கி வைத்த ஸ்டோர் ரூம் அது. பெண்கள் வேலை செய்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டாமா என்று எங்கிருந்தோ வந்த அதிகாரி கேட்டதும், அவசர அவசரமாக அலமாரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளையடித்தார்கள். சுவரில் ஒரு யானையை வரைந்தார்கள். வரைந்தவன் தும்பிக்கையைத் தரைவரை இழுத்துவிட்டதால் யானைக்கு ஐந்து கால். மேல்மாடியில் மெஷின்கள் ஓடும்போது மின்விசிறி நடுங்கும். பின்கதவைத் திறந்தால் இரண்டு சிமெண்ட் படி, இறங்கினால் குழாயடி. பிள்ளைகளைக் கழுவுவதும் துணி அலசுவதும் அங்கேதான். விளையாட்டுச் சாமான் என்று கம்பெனி வாங்கித் தந்ததெல்லாம் ஒரே வாரத்தில் உடைந்துபோனது. கட்டிங் மேஜையில் விழுகிற துண்டுத் துணிகளை உருட்டி அவளே தைத்த பந்துகள் மட்டும் சாகாமல் கிடந்தன.

ஒரு பிள்ளை நடக்கப் போகிறது என்றால் வீடே கூடி நின்று பார்க்கும். நடந்துவிட்டால் பெற்றவர்கள் பெரிய வேலை முடிந்த மாதிரி கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெரியம்மாவுக்கு வேலை ஆரம்பமே அங்கேதான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி, குடித்தவன் மாதிரி ஆடி ஆடி வருகிற பிள்ளை கொஞ்ச நாளில் கையை இறக்கும். இறங்கின கை சும்மா இருக்காது, எதையாவது தூக்கும். குனிந்து தரையில் கிடப்பதை எடுக்கும், விழாமல் நிமிரும், நிமிர்ந்ததே பெருமையாக இருக்கும். பின்பக்கமாக நடந்து சுவரில் முட்டும். ஓட வரும், நிற்க வராது. ஓடுகிற பிள்ளையை நிறுத்துவது ஒன்று சுவர், இல்லையென்றால் பெரியம்மாவின் வயிறு. பந்தை உதைக்கத் தெரியாமல் பந்தின்மேலேயே நடந்து குப்புற விழும். அப்புறம் ஒரு நாள், யாரும் கேட்காமலே, ஒற்றைக் காலில் ஒரு கணம் நின்று உதைத்துவிடும். படியில் தவழ்ந்து ஏறும், பிறகு கை பிடித்து ஏறும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மலையேறின ஆள் மாதிரி இளைப்பாறும்.

எல்லாவற்றுக்கும் மேலே குதிப்பது. இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட வேண்டும், அதுதான் கணக்கு. பிள்ளை முட்டியை மடக்கும், உடம்பை உந்தும், தலையும் தோளும் குதித்துவிடும், பாதம் மட்டும் ஒட்டிக்கொண்டு வராது. குதித்துவிட்டதாக நினைத்துத் தானே கைதட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சிரிப்பை அடக்குவதுதான் தன் உத்தியோகத்திலேயே கஷ்டமான பகுதி என்று பெரியம்மா சொல்வாள்.

இதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை எதை முதல் தடவை செய்தாலும் அவள் தாயிடம் சொல்லமாட்டாள். ஓடினாலும் சரி, உதைத்தாலும் சரி, குதித்தாலும் சரி. மூச்சுவிடமாட்டாள். சாயங்காலம் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது, 'வீட்ல ஒரு பந்தை உருட்டிவிட்டுப் பாரேன்' என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையைப் போடுவாள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ தாய்க்காரி வாசலிலேயே செருப்பைக்கூட விடாமல், 'நேத்து உதைச்சிட்டான் பெரியம்மா' என்று வந்து நிற்பாள். பெரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, 'அப்படியா, இங்க அவன் செய்யவே இல்லையே, திருட்டுப்பய' என்பாள். நாடகத்தில் சேர்ந்திருந்தால் நாலு பரிசு வாங்கியிருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கெட்டிக்காரத்தனமாக இல்லை, கருணையாகவே செய்தாள். அந்தத் தாய் அன்று முழுக்க மெஷினில் சிரித்துக்கொண்டே தைப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஏன் இந்த வழக்கம் என்றால், அவளும் ஒரு காலத்தில் மேல்மாடியில் தைத்தவள்தான். அப்போது பிள்ளைங்க ரூம் கிடையாது. தன் மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வருவாள். ஒரு சாயங்காலம் தெருமுனையில் நுழையும்போதே பக்கத்து வீட்டுக்காரி ஊருக்கே கேட்கும்படி, 'உன் பொண்ணு இன்னைக்கு ஓட ஆரம்பிச்சிட்டா, என் பின்னாடியே ஓடி வந்தா' என்று கத்தினாள். நல்ல எண்ணத்தில்தான் கத்தினாள். பெரியம்மா வீட்டுக்குப் போய் மகளை ஓடச் சொன்னாள், மகளும் ஓடினாள். ஆனால் யாரோ கடித்துவிட்டுக் கொடுத்த பழம் மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. அந்த மகள் இப்போது வேறு ஊரில் தன் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஆனாலும் பெரியம்மாவுக்கு அந்தச் சாயங்காலம் ஆறவே இல்லை. பெற்றவள் கண்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவளாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அதில் என்ன தப்பு என்று கேட்டால், அதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லைதான்.

வண்டு என்று எல்லாரும் கூப்பிட்ட பையன் வந்தது அப்புறம். வாயைத் திறக்காமலே ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டுக்கொண்டு திரிவான், அதனால் அந்தப் பெயர். அவன் தாய் சட்டைக்குக் காலர் தைக்கிறவள், ஆலையில் காலர்காரி என்றால் அவள்தான். இரண்டு முனையும் ஒரே கூர்மையில் வர வேண்டிய வேலை அது. கண்ணை எடுத்தால் ஒரு பண்டல் முழுக்கப் பிரிக்க வேண்டி வரும். புருஷன் தூர லாரி ஓட்டுகிறவன். எப்போதாவது வருவான், வந்தால் தூங்குவான். தாயும் பிள்ளையும் இருந்தது தரையோடு தரையாக ஒற்றை அறை வீடு. கட்டிலை விட்டால் ஏற ஒன்றும் கிடையாது, இறங்கவும் ஒன்றும் கிடையாது.

வண்டு எல்லாப் பிள்ளைகளையும் போல நேரத்துக்கு நடந்தான், நேரத்துக்கு ஓடினான். பந்தை உதைத்தான். குழாயடிப் படியில் பெரியம்மாவின் ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு ஏறினான், அப்புறம் விரலையும் உதறினான். வீட்டில் ஓட இடமுமில்லை, தாய்க்கு நேரமுமில்லை, அதனால் நடப்பதைத் தவிர மற்றதை அவள் பார்க்கவில்லை. இரண்டு வயது ஆகப்போகிற சமயம், ஒரு மத்தியானம், மற்றதெல்லாம் தூங்குகிறபோது இவன் மட்டும் தூங்காமல் பின்வாசலுக்குப் போனான். பெரியம்மா கீழே உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். அவன் கடைசிப் படியில் நின்றான். ரீங்காரத்தை நிறுத்தினான். முட்டியை மடக்கினான். குதித்தான். இரண்டு பாதமும் ஒரே சத்தத்தில் ஈரத் தரையில் விழுந்தன. விழாமல் நின்றான். அப்படி ஒரு சுத்தமான முதல் குதியை அவள் பார்த்ததே இல்லை. ஓடி வந்தவனைக் கைநிறைய சோப்பு நுரையோடு மடியில் வாங்கிச் சிரித்தாள். பிறகு வழக்கம்போல வாயைப் பூட்டிக்கொண்டாள்.

அந்த மாதம் பார்த்து ஷிப்மென்ட் நெருக்கியது. காலர்காரிக்குத் தினமும் ஓவர்டைம். அவள் இறங்கி வரும்போது பையன் தூங்கிப்போயிருப்பான். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள், காலையில் தூக்கக் கலக்கத்தோடு கொண்டுவந்து விடுவாள். பெரியம்மா, 'லீவு நாள்ல எங்கயாவது படி இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயேன்' என்று சொல்லிப் பார்த்தாள். லீவு நாளிலும் வேலை வைத்தார்கள். காலர்காரி தலையைத் தலையை ஆட்டினாள், ஆனால் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். பெரியம்மா காத்திருந்தாள். என்றைக்காவது ஒரு காலையில் அவள் செருப்பைக்கூட விடாமல் வந்து நிற்பாள், நாமும் கன்னத்தில் கை வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அந்தக் காலை வரவேயில்லை.

ஷிப்மென்ட் போய், அடுத்த ஷிப்மென்ட் வந்தது. இந்த நடுவில் வண்டு குதிப்பதை விட்டுவிட்டான். முதலில் அவள் கவனிக்கவில்லை. பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொண்டால் நாலு நாள் அதையே செய்து சலித்துப்போய் விட்டுவிடும், அது சகஜம். பிறகு படியில் ஏறும்போது மறுபடி விரலைக் கேட்டான். காய்ச்சல் வந்து போன உடம்பு, அதனால்தான் என்று நினைத்தாள். பிறகு ஏறவே மாட்டேன் என்று தூக்கச் சொன்னான். செல்லம் ஏறிவிட்டது என்று நினைத்தாள். ஓட்டம் வேக நடையானது. இடது பாதம் தரையை லேசாகத் தேய்த்துக்கொண்டு வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிறவரை பார்த்துக்கொண்டே இருக்கலாம், தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தேய்வது தெரியாது. ஆனால் அவளுக்குக் கொஞ்சம் தெரிந்தது. அதற்காகத்தான் அவள் பின்னால் தன்னை மன்னிக்கவில்லை.

வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு வாரம் காலர்காரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை, இவனைவிடச் சின்னது, வாசலில் தவ்வித் தவ்விக் குதிக்கிறது. இவன் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். இங்கேயாவது குதிக்கிறானா, ஓடுகிறானா என்று கேட்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரியம்மா கெட்டவள் இல்லை. யோசித்துச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். ஆனால் யோசிக்கவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறின பதில் தானாக வந்து விழுந்தது.

"இல்லம்மா. இங்கயும் இன்னும் செய்யல."

சொன்ன பிறகுகூட, நல்லதுதானே சொன்னோம், என்றைக்காவது அவள் கண்முன்னால் குதிப்பான், அது அவளுக்கு முதல் தடவையாகவே இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

காலர்காரி லீவு போட்டுப் பையனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் வந்து நடந்ததை அப்படியே சொன்னாள். பெரிய கூட்டமாம். டாக்டர் பையனைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்த்தாராம், முட்டியில் சுத்தியலால் தட்டினாராம். பையன் அழுது உதைத்ததில் சரியாகப் பார்க்க முடியவில்லையாம். பிறகு ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டானா, இல்லை இதுவரை செய்யவே இல்லையா? செய்யவே இல்லை என்று இவள் சொன்னாளாம். பகலெல்லாம் பார்த்துக்கொள்கிற அம்மாவும் அதையேதான் சொன்னார்கள் என்றும் சொன்னாளாம். அப்படியென்றால் பயமில்லை, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வரும் என்று டானிக் எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னாராம். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது, உங்களால்தான் பெரியம்மா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் என்னவென்று சொல்லியிருப்பேன் என்றாள்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் உலகத்திலேயே ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது, அது தான்தான் என்று பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காலர்காரி இன்னும் அங்கேயேதான் நின்றாள். சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது. திறக்கவில்லை. திறந்தால் முதல் கேள்வி, முந்தாநாள் ஏன் இல்லையென்று சொன்னீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அதற்கு என்ன சொல்வது? உனக்கு நல்லது செய்தேன் என்றா? படித்த டாக்டர் பார்த்துவிட்டாரே, அவருக்குத் தெரியாததா என்று தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டாள். வெட்கத்துக்கு இதுபோல ஆயிரம் சமாதானம் கிடைக்கும்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய்யை உண்மையாக்கப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் வண்டுவைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கடைசிப் படியில் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, 'குதிடா ராஜா, ஒரே ஒரு தரம், அம்மாவுக்குக் காட்டணும்ல' என்று கெஞ்சுவாள். அவன் மறுபடி குதித்துவிட்டால் போதும், எல்லாம் நேராகிவிடும், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அவன் அவளை நம்பினான். முட்டியை மடக்கினான். மடங்கினது நிமிரவில்லை. அவள் கையில் தொங்கினான். முதுகைத் தொட்டு உம் உம் என்று முனகினான். அவள் தைலம் தேய்த்தாள். மறுநாளும் தூக்கிக்கொண்டு போனாள். இப்படியே வாரங்கள் போயின. ரீங்காரம் குறைந்துபோனது. விட்டுப்போயிருந்த மூத்திரத் துணி மறுபடி தேவைப்பட்டது. தாய் கேட்டதற்கு, குளிர் காலம் இல்லையா என்றாள்.

ஒரு நாள் மத்தியானத் தூக்கம் முடிந்து எல்லாம் எழுந்தன. வண்டுவும் கண்ணைத் திறந்தான், கையை ஊன்றினான், இடுப்பைத் தூக்கினான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். மறுபடி ஊன்றினான். கால் இரண்டும் அவனுடையதே இல்லை என்பதுபோல் கிடந்தன. அவன் அழவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கிற மாதிரி காலைப் பார்த்தான், பிறகு பெரியம்மாவைப் பார்த்தான்.

அவள் பிள்ளைகளை வாட்ச்மேனிடம் விட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி விட்டதே இல்லை. வண்டுவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். தைக்கிற தளத்துக்குள் நுழைந்தால் மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சூப்பர்வைசர் கையை நீட்டித் தடுத்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். காலர்காரி காலரை மெஷினுக்கடியில் கொடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள், கால் பெடலில் இருந்தது. பெரியம்மா குனிந்து அவள் காதில் கத்த வேண்டியிருந்தது.

"இவன் குதிச்சிருக்கான். ஓடியிருக்கான், படி ஏறியிருக்கான். ரெண்டு வயசுக்கு முன்னாலேயே எல்லாம் செஞ்சிட்டான். நான் பாத்தேன், உன்கிட்ட சொல்லல. இப்ப நிக்க முடியல."

காலர்காரி திரும்பினாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகம் மலர்ந்தது. என் பிள்ளை குதித்தானா என்கிற மலர்ச்சி. மற்ற வார்த்தைகள் அதற்குப் பிறகுதான் அவளுக்குள் போய்ச் சேர்ந்தன. மலர்ந்த முகம் அப்படியே செத்துப்போவதைப் பெரியம்மா பக்கத்திலிருந்து பார்த்தாள். எத்தனையோ தாய்மாரின் முகத்தில் அந்த மலர்ச்சியை வரவழைத்துப் பழகியவள் அவள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும்தான் போனார்கள். அதே டாக்டர். பெரியம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. எப்போது ஓடினான், எப்போது ஓட்டம் குறைந்தது, எந்தக் கால் முதலில் தேய்ந்தது, முதுகைத் தொட்டு முனகினது, படியில் நிறுத்திக் கெஞ்சினது, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வளராம இருக்கிறது வேற, வளர்ந்தது போறது வேற" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆள் ஏற்பாடு செய்தார். பொய் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. காலர்காரியும் கையை நீட்டிக் காட்டவில்லை.

முதுகெலும்புக்குள்ளே ஒரு கட்டி இருந்தது. பரவுகிற கட்டி இல்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் மாதக்கணக்காக உள்ளேயிருந்து நரம்பை அழுத்தி நசுக்கியிருக்கிறது. திறந்து எடுத்துவிட்டார்கள். நசுங்கினது நசுங்கினதுதான். வலது காலில் கொஞ்சம் அசைவு வரலாம், இடது காலைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் அறுவை செய்தவர். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்தவர், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அந்த முடிக்காத வாக்கியம் பெரியம்மாவின் காதிலும் விழுந்தது, அவள் கதவோரமாகத்தான் நின்றிருந்தாள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தவளுக்கு அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது? அவள் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அழுதாள் என்று சொன்னால் அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற மாதிரி ஆகிவிடும். அழுகைகூட வரவில்லை.

ஆலையில் ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று அவள் தினமும் மேனேஜர் ரூமைப் பார்த்தாள். காலர்காரி யாரிடமும் புகார் சொல்லவில்லை, வேலைக்கும் வரவில்லை. ஒரு வார்த்தை திட்டி அனுப்பியிருந்தால் பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பாள். பிள்ளைங்க ரூமில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை எதைச் செய்தாலும் சாயங்காலமே தாயிடம் சொல்லிவிடுவாள். இன்னும் செய்யாததையும், செய்துவிட்டு நிறுத்தினதையும் சொல்வாள். சில தாய்மாருக்கு முகம் வாடும். 'நாங்க பாக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களே' என்று ஒருத்தி வெளிப்படையாகவே குறைபட்டாள். பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்துக் காலர்காரி பக்கத்து மெஷின் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள், லீவு நாளில் வீட்டுக்கு வரச் சொல்லி. பெரியம்மா போனாள். போகிற வழியெல்லாம், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள்.

ஒற்றை அறை. வண்டு மூலையில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கை இரண்டும் கெட்டியாகியிருந்தன. போர்வைக்குக் கீழே கால்கள் மெலிந்து நீட்டிக் கிடந்தன. அவளைப் பார்த்ததும் ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டான். பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காலர்காரி காபி போடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் செய்ததையெல்லாம் சொல்லுங்கள். நான் பார்க்காததெல்லாம். ஒன்றையும் விடாதீர்கள் என்றாள்.

பெரியம்மா சொன்னாள். கையை இறக்கி நடந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். பின்பக்கமாக நடந்து யானைப் படத்தில் முட்டி, யானையிடம் கோபித்துக்கொண்டதைச் சொன்னாள். ஓடி வந்து நிற்கத் தெரியாமல் துணிக் குவியலில் தலைகீழாகப் புகுந்ததைச் சொன்னாள். முதலில் உதைத்தது எந்தக் காலால் என்று காலர்காரி கேட்டாள். இடது கால் என்றாள். காலர்காரி போர்வையைப் பார்த்தாள், மேலே சொல்லச் சொன்னாள். நுனிக்காலில் நின்று ஜன்னலை எட்டினதைச் சொன்னாள், விரலை உதறிவிட்டுப் படி ஏறினதைச் சொன்னாள். கடைசியில் குதித்ததைச் சொன்னாள், ரீங்காரத்தை நிறுத்தினதிலிருந்து இரண்டு பாதமும் ஒரே சத்தத்தில் விழுந்ததுவரை. காலர்காரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், தைத்த காலரை விரலால் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் மெதுவாகக் கேட்டாள். சொல்லி முடித்ததும் கண்ணைத் திறக்காமலே ஒன்று கேட்டாள்.

"குதிச்சதும் என்னைத் தேடினானா, பெரியம்மா?"

பெரியம்மாவுக்குப் பதில் தயாராக நாக்கில் வந்து நின்றது. ஆமாம்மா, அம்மா எங்கன்னு மாடியைத்தான் நிமிர்ந்து பார்த்தான் என்று சொன்னால் போதும். எந்தத் தாயும் நம்புவாள். இவள் நம்பத் தயாராகவே உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு பொய்யால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரப்போவதில்லை. மூலையில் வண்டு டப்பாவைத் திறந்தான், மூடினான்.

"இல்லம்மா" என்றாள் பெரியம்மா. "என்னைத்தான் பாத்தான். ஓடி வந்து என் மடியிலதான் விழுந்தான்."

காலர்காரி கண்ணைத் திறந்தாள். தலையை மெதுவாக ஆட்டினாள். எழுந்து போய் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைத்தால் பிள்ளைகள் காலால் கவ்விக்கொள்ளும். இவன் கால்கள் அவள் புடவையோரம் சும்மா தொங்கின. அவள் அவனை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.